சுப்பு ஏன் வரவில்லை

திருப்பூர்
12.2.2003

அன்புத் தங்கை சுப்புலட்சுமிக்கு அக்கா கற்பகவல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், பொன்னுத்தங்கம் அத்தைக்குக் கால்வீக்கம் வடிந்ததா என்று எழுது.

ஒரு விசேஷம். எனக்கு இது மூன்றாம் மாதம். பாப்பாவுக்கே இன்னும் ஒன்றரை வயது முடியவில்லை, அதற்குள்ளேயா என்று நீ கேட்பாய். என்ன செய்ய, வந்துவிட்டது. சோறு கொதிக்கிற வாசனையே ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஹாதியா அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துத்தான் ஓடுகிறது. அவர் நம் விருதுநகர்க்காரர் என்பது உனக்குத்தான் தெரியுமே. அவர் பேச்சைக் கேட்டாலே பாதித் தெம்பு வந்துவிடுகிறது.

சுப்பு, நீ இங்கே வந்துவிடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ, வேறு யார்? நீ அங்கே பட்டாசு ஆலையில் உட்கார்ந்து சரம் பின்னுகிறாய். நான் இங்கே டி.வி.யில் சிவகாசி என்ற பெயர் வந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பார்க்கிறேன். இங்கே பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற வேலை எப்போதும் இருக்கிறது. வெடிமருந்து இல்லை, நெருப்பு இல்லை. பாப்பா பிறந்தபோது நாற்பது நாள் இருக்கிறேன் என்று வந்தவள் இருபத்திரண்டாம் நாளே மூட்டை கட்டிவிட்டாய். இந்த முறை அப்படி ஓடக் கூடாது. அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரிதான்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா கற்பகவல்லி

கொழுந்தியாளுக்குச் செல்லப்பாண்டி எழுதுவது. அக்கா சொல்வதைக் கேட்டுப் புறப்பட்டு வா. இங்கே உன்னை யாரும் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள். சமையலறையில் நீ படுத்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.


விஸ்வநத்தம்
3.3.2003

என் பிரியமுள்ள அக்காவுக்குச் சுப்பு எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அத்தையின் கால் இப்போது தேவலை. நீயும் பாப்பாவும் வயிற்றில் இருக்கிறதும் நன்றாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். ஹாதியா அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா, இப்போது என்னால் வர முடியாது. கம்பெனிக்கு வடக்கே இருந்து ஆர்டர் வந்து குவிந்திருக்கிறது. சீசனில் நின்றால் அடுத்த வருஷம் சேர்க்க மாட்டார்கள். அத்தையைத் தனியே விடவும் முடியாது, அவள் இந்த ஊரை விட்டு வரவும் மாட்டாள். நீ தப்பாக நினைக்காதே.

உனக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மட்டும் என்று எழுதினாலும் மட்டுமாக இருக்காது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி லோடு வண்டி ஓட்டுகிறவர் அழகுராஜா. ஊர் எம்.புதுப்பட்டி. போன மாதம் பெட்டி ஏற்ற வந்தவர் என் பக்கத்தில் நின்று, "ஏ புள்ள, ஒனக்கு வாய் இருக்கா இல்லையா? ஆறு மாசமாப் பாக்கேன், தலைய மட்டும்தான் ஆட்டுற" என்றார்.

"இருக்கு. வேலை நேரத்துல தொறந்தா போர்மேன் கூலியப் பிடிச்சுருவாக" என்றேன்.

"அப்ப சாயங்காலம் தொற" என்றார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் பஸ் வரும்வரை பேசுகிறோம். பேச்சு மட்டும்தான் அக்கா. அவர் ஒரு தடவைகூட என் கையைத் தொட்டதில்லை. என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். படி ஏறி இறங்காதே.

உன் தங்கை
சுப்பு


திருப்பூர்
18.3.2003

அன்புள்ள சுப்புவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். வாந்தி நின்றுவிட்டது. உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சந்தோஷம்தான். ஆனாலும் லோடு வண்டிக்காரர்கள் நாலு ஊர் பார்த்தவர்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிக்காமல் பஸ் ஸ்டாப் பேச்சை நம்பக் கூடாது.

அதனால் உன் அத்தானிடம் சொன்னேன். அப்பா இடத்தில் இருந்து தானே புதுப்பட்டிக்கு வந்து பேசி முடிப்பதாகச் சொல்கிறார். பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறார். உன் கடிதத்தில் அவரை ஒரு வார்த்தை நீ விசாரிக்கவில்லை. வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஒன் தங்கச்சிக்கு எம்மேல என்ன கோவமோ" என்றார். பெரிய மனசு பண்ணி வருகிறார், மரியாதையாக நடந்துகொள்.

அத்தைக்கு என் அன்பு.

அக்கா
கற்பகவல்லி


விஸ்வநத்தம்
20.4.2003

அக்காவுக்கு, நான் நலம். அத்தை நலம். உனக்கு ஐந்து மாதம் ஆகிறது, கால் வீங்குகிறதா? மத்தியானம் கொஞ்சம் படு.

பொங்கலுக்கு அத்தான் வர வேண்டாம் என்று நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாதியா அக்கா வீட்டுக்குப் போன் செய்து சொன்னதற்கு நீ கோபப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. அத்தையே போய்ப் பேசட்டும் என்று நினைத்தேன்.

அத்தை போனாள். அழகுராஜாவின் அப்பா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்து, "நீங்க வந்தது சந்தோசம்மா. ஆனா ஆம்பளை ஆள் ஒருத்தர் வந்து பேசுனாத்தான நல்லாருக்கும். பொண்ணோட அக்கா மாப்பிள்ளை இருக்காராமே, அவர் ஏன் வரல?" என்று கேட்டிருக்கிறார். அத்தை மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அழகுராஜாவும் நானும் பேசிப் பார்த்தோம். அது சரிப்பட்டு வரவில்லை.

இதைப் பற்றி இனி நீ எழுத வேண்டாம் அக்கா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

சுப்பு


திருப்பூர்
25.5.2003

சுப்புவுக்கு அக்கா எழுதுவது. உடம்பு சுகம்தான். மனசுதான் சுகமில்லை.

உனக்கு என்னதான் வந்தது? உனக்காக ஒரு மனிதர் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். வந்திருந்தால் இந்நேரம் உன் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். நீயே வாசலை அடைத்துவிட்டு, சரிப்பட்டு வரவில்லை என்று ஒரு வரியில் எழுதுகிறாய். யார் உனக்கு இப்படிப் புத்தி சொல்லித் தருகிறார்கள்?

ஆவணிக்கு முன்னால் எனக்குப் பிரசவம் ஆகிவிடும். அம்மா இல்லாத எனக்குத் துணைக்கு வர உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நீ தானாக வர மாட்டாய் போலிருக்கிறது. ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவார். துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இரு.

அக்கா

நான் வருவேன். பிடிவாதம் பண்ணாதே. பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. — செ.பா.


விஸ்வநத்தம்
31.5.2003

அக்காவுக்கு வணக்கம். நலம். உன் நலம் அறிய ஆசை.

அத்தானை அனுப்பாதே. அவர் வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அத்தையைப் பிரசவத்துக்கு அனுப்பிவைக்கிறேன். காலை இழுத்துக்கொண்டாவது வருகிறேன் என்கிறாள். உன் பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதை மட்டும் நம்பு. எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

சுப்பு


திருப்பூர்
30.8.2003

சுப்புலட்சுமிக்கு,

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி பெரியாஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாவதும் பெண்தான். தாயும் பிள்ளையும் சுகம். அத்தை வருகிறேன் என்றதற்கு உன் அத்தான், கால் நடக்காதவளையும் சேர்த்து யார் பார்ப்பது என்று வேண்டாம் என்றுவிட்டார். ஹாதியா அக்காதான் இரண்டு நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார். அத்தானை அனுப்பாதே என்றாய், அனுப்பவில்லை. என் கூடப் பிறந்தவள் மூன்று மாதமாக ஒரு கடிதம் போடவில்லை.

இப்போதுதான் ஏன் என்று தெரிகிறது. உன் அத்தான் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தாராம். நீ உன் ஆலை போர்மேன் சங்கரபாண்டியனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனதை ஊரே பார்த்ததாம். அவருக்குப் பெண்டாட்டி, கல்யாண வயதில் மகள் எல்லாம் இருக்கிறார்களாம். ஆலையை விட்டும் உன்னை நிறுத்திவிட்டார்களாம். இதற்காகத்தான் அழகுராஜா வேண்டாம், இதற்காகத்தான் திருப்பூர் வேண்டாம் என்றாயா? அத்தான் சொல்லச் சொல்ல எனக்குக் காது இரண்டும் எரிந்தது. "நான் அப்பவே நெனச்சேன், அவ போக்கு சரியில்லன்னு" என்று வேறு சொன்னார்.

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். நாளைக்கு அவர்களுக்கும் பேச்சு வரும். இனி நீ எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கற்பகவல்லி


விஸ்வநத்தம்
14.9.2003

அன்புமிக்க ஹாதியா அக்காவுக்குச் சுப்புலட்சுமி பணிவோடு எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் ஹக்கீம் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். என் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதற்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள்.

இதோடு ஒரு ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். அத்தான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக்கு அக்காவைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அத்தான் பிரித்துத்தான் அக்கா கைக்குப் போகும். அதனால்தான் உங்களுக்கு இந்தச் சிரமம்.

சுப்பு


அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாசி.

முதலில் ஸ்கூட்டர். ஜூலையில் திரி வைக்கிற அறையில் மருந்து பொரிந்து என் இடது கை வெந்துபோனது. சின்னத் தீதான், வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. சங்கரபாண்டியன் ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊர் பார்த்தது அதைத்தான். கட்டுப் போட்டுத் திரும்பும்போது கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார். அதை ஊர் பார்க்கவில்லை. "தாயும் இல்ல தகப்பனும் இல்ல. புதுப்பட்டிக்காரனும் விட்டுட்டுப் போயிட்டான். எம்புட்டு நாளைக்கு இப்படிக் கெடப்ப? நான் ஒரு வீடு பிடிச்சுத் தாரேன்" என்றார். நான் இறங்கி நடந்தேன். வெயிலில் மூன்று மைல். மறுவாரம் வேலைக்குப் போனபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு அவரே ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டார். இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் தாள்களைச் சேர்த்து மேல் விளிம்பில் தகரம் அடிக்கிற வேலைக்குப் போகிறேன். கை ஆறிவிட்டது.

அடுத்தது, நான் ஏன் வரவில்லை என்பது.

பாப்பா பிறந்து பதினெட்டாம் நாள் மத்தியானம். நீ உள்ளே பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாய். நான் சமையலறையில் ரசம் இறக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர் பின்னால் வந்து என் வாயைப் பொத்தினார். நான் திமிறியதில் ரசச் சட்டி கவிழ்ந்து என் காலில் கொட்டியது. அதனால் அன்று விட்டார். நீ என்ன சத்தம் என்று கேட்டாய். பூனை என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். கரண்டியால் அடித்தேன். "வெளிய சொன்ன, ஒன் அக்காளையும் புள்ளையையும் பஸ் ஏத்தி விட்ருவேன். ஒங்க அத்தை கஞ்சி ஊத்துவாளான்னு பாப்போம்" என்றார். இருபத்திரண்டாம் நாள் நான் கிளம்பிவிட்டேன். உன் வாழ்க்கை கெடக் கூடாது என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மனிதரை அப்பா இடத்தில் உட்காரவைத்து எனக்கு மாப்பிள்ளை பேசச் சொன்னாய். நான் எப்படிச் சம்மதிப்பேன் அக்கா? அத்தான் ஏன் வரக் கூடாது என்று அழகுராஜாவும் விடாமல் கேட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவர்தானே என்று அவரிடம் மட்டும் சொன்னேன். முதலில் பல்லைக் கடித்தார், அத்தானை அடிப்பேன் என்றார். மறுநாள், "வேற ஒண்ணும் நடக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நாலாம் நாள், "நீங்க போங்க" என்று நானே சொல்லிவிட்டேன். போன மாதம் அவருக்குச் சாத்தூர்ப் பக்கம் கல்யாணம் முடிந்தது.

நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது இதுதான். உன் இரண்டு பிள்ளைகளையும் நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். சின்னவளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

சுப்பு


திருப்பூர்
2.10.2003

தங்கை சுப்புலட்சுமிக்கு ஹாதியா எழுதுவது. இறைவன் கிருபையால் நாங்கள் நலம். உன் கை வெந்ததை மட்டும் கற்பகம் சொன்னாள். முழுதாக ஆறிவிட்டதா? வெயில் படாமல் பார்த்துக்கொள்.

உன் கவரை நான் பிரிக்கவில்லை. கற்பகத்தைக் கூப்பிட்டு என் சமையலறையில் உட்காரவைத்துக் கொடுத்தேன். வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். அழவில்லை. "இத ஒங்க பீரோவுல வச்சிருங்கக்கா" என்றாள். பிள்ளை அழுகிறது என்று போய்விட்டாள். பிள்ளை அழவில்லை, என் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கே நினைவு வந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு பத்து நாளாக என் வீட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள். நீ பொறுமையாக இரு. நான் கேட்காமலே விஷயம் ஏறக்குறைய எனக்கு விளங்கிவிட்டது. உன்னைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சின்னவளின் பெயர் சுப்புலட்சுமி என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அத்தானுக்கு அதில் இஷ்டமில்லை. உன்னைத் திட்டிக் கடிதம் எழுதிய அதே வாரத்தில் உன் அக்கா வைத்த பெயர் அது.

உனக்காகத் துஆ செய்யும்,
ஹாதியா


திருப்பூர்
10.12.2003

சுப்பு,

ஹாதியா அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேனா என்று நீ கேட்க வேண்டாம். நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நீ எழுதி மூன்று மாதம் ஆகப்போகிறது. தினமும் ஒரு கடிதம் மனதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் உள்ளதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நான் தூங்கவில்லை சுப்பு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவது கேட்டது. நேரே சமையலறைக்குப் போவது கேட்டது. உன் மூச்சு முட்டுவது கேட்டது. அதற்குப் பிறகுதான் சட்டி விழுந்தது. நீ பூனை என்றாய். எங்கள் லைன் வீட்டில் பூனையே கிடையாது. எனக்கு அது தெரியும், நானும் சரி என்றேன்.

தெரிந்திருந்தும் ஏன் உன்னை வா வா என்று எழுதினேன் என்று கேட்பாய். பூனைதான், பூனைதான் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பாதி நம்பிவிட்டேன். நீ திரும்பி வந்து முன்போல இந்த வீட்டில் நடமாடிவிட்டால் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். உனக்காக இல்லை, எனக்காக. போர்மேன் பேச்சு வந்தபோது என் மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. நீதான் அப்படிப்பட்டவள் என்றால் இவர்மேல் தப்பில்லை அல்லவா. இப்படி நினைத்தவள் உன் கூடப் பிறந்தவள்.

போன வாரம் இவர் தன் பெரியப்பா பேத்தி ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்து வரப்போவதாகச் சொன்னார். பதினாறு வயது. சமையலறையில் படுத்துக்கொள்வாளாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். "சுப்புவுக்கு நடந்தது போதும்" என்றேன். அடித்தார். ஹாதியா அக்கா சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டிக்கொண்டே நின்றார், திறக்கும்வரை.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் பிள்ளைகளோடு புறப்படுகிறேன். ஹக்கீம் அண்ணன் மதுரை வரை கூட வருகிறார். நீ என்னைச் சேர்க்காவிட்டாலும் அத்தை சேர்ப்பாள் என்ற தைரியத்தில் வருகிறேன்.

கற்பகம்


விஸ்வநத்தம்
12.1.2004

அன்பும் மரியாதையும் நிறைந்த ஹாதியா அக்காவுக்கு, சுப்பு எழுதுவது. நாங்கள் ஐந்து பெண்களும் சுகம். சின்னவள் குப்புற விழுந்துவிட்டாள். உங்களுக்கும் ஹக்கீம் அண்ணனுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும். எங்களால் உங்களுக்கு அத்தானிடமிருந்து தொல்லை வந்ததாக அக்கா சொல்லி வருத்தப்பட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நடந்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது. போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு காலையில் அத்தான் வந்தார். கூடவே ஊர்க்காவலன் என்ற அவருடைய பெரியப்பாவும் வந்தார். அவர் தன் ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர், நாலு பேர் மதிக்கிற மனிதர். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை பாய் விரித்தாள். அக்கா உள்ளே சின்னவளை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா ஆரம்பித்தார். "புருசன் பொண்டாட்டின்னா சண்டை இருக்கத்தாம்மா செய்யும். பொம்பளைப் புள்ள ரெண்ட வச்சுக்கிட்டு இங்கன வந்து உக்காந்தா நாளைக்கு யாரு பாப்பா? கெளம்பச் சொல்லுங்க."

"அவ எதுக்கு வந்தான்னு ஒங்க மகங்கிட்ட கேட்டீகளா?" என்று அத்தை கேட்டாள்.

அத்தான் முந்திக்கொண்டார். "எல்லாம் இவ பண்ற வேலை" என்று என்னைக் காட்டினார். "போர்மேன்கூட ஊர் சுத்துனவ. தன் வண்டவாளம் வெளிய வந்துருச்சுன்னு எம்மேல பழியப் போடுறா."

ஹாதியா அக்கா, நான் அதுவரை இதை அழகுராஜா, அக்கா, அத்தை என்று மூன்று பேரிடம்தான் வாய் திறந்தோ எழுதியோ சொல்லியிருக்கிறேன். அன்று தெரு முழுவதும் கேட்கச் சொன்னேன். எந்த மாதம், எத்தனையாம் நாள், எந்த நேரம், என்ன செய்தார் எல்லாம் சொன்னேன்.  சொல்லி முடித்ததும் எதிர்வீட்டு அம்மா தன் மகளை உள்ளே போகச் சொன்னாள்.

"சாட்சி யாரு?" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "வீட்டுல நானு, இவ, தூங்கிட்டுக் கெடந்த ஒருத்தி. யாரு பாத்தா?"

அக்கா வெளியே வந்தாள். பிள்ளையை அத்தை மடியில் போட்டாள். அத்தானைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைத்தான் பார்த்தாள்.

"நான் தூங்கல மாமா. பக்கத்து அறையிலதான் கெடந்தேன். கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

 பெரியப்பா, "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு வருசம் ஆயிருச்சு. இனிமே அப்படி இருக்க மாட்டான்னு நான் பொறுப்பு ஏத்துக்கிடுறேன்" என்றார்.

"அன்னைக்கு வாயத் தொறக்கல மாமா. அதுக்கு இவ பட்டா. இன்னைக்குத் தொறந்திருக்கேன். திரும்ப மூடச் சொல்லாதீக" என்றாள் அக்கா. "அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்னாரே, அந்தப் புள்ள ஒங்க மக வயித்துப் பேத்திதான?" என்றும் கேட்டாள்.

பெரியப்பா எழுந்துவிட்டார். அத்தான் ஏதோ சத்தம் போட்டார், கோர்ட்டு என்றார், பிள்ளைகள் என்றார். பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்துபோனார். அத்தான் தனியே நின்றால் நன்றாக இருக்காது என்று பின்னாலேயே போனார். அவர் திரும்பவும் வருவார் என்றுதான் அத்தை சொல்கிறாள். வரட்டும் என்று அக்கா சொல்கிறாள். வக்கீல் ஒருவரைப் பார்க்க அடுத்த வாரம் விருதுநகர் போகிறோம்.

தெருவில் எல்லோரும் எங்கள் பக்கம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. ரெண்டு பெண்களும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். காலண்டர் கம்பெனியிலும் ஒருத்தி பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள். இன்னொருத்தி, பெயர் பஞ்சம்மாள், நாற்பது வயதிருக்கும், எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு அத்தான் இருந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகரம் அடிக்க ஆரம்பித்தாள்.

தை பிறந்ததும் அக்காவும் வேலைக்கு வரப் போகிறாள். பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும் உங்களிடம்தான் சொல்ல முடியும். அக்கா தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். தண்ணீர் பிடிக்கும்போது, துணி காயப்போடும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது. மன்னித்துவிட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. மனசு வராமல் அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பொய்தானே. பொய் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு வருஷம் போனது. ஆனால் வேலை முடிந்து எவ்வளவு பசியோடு வந்தாலும் அவள் தட்டில் சோறு விழாமல் நான் என் தட்டில் கை வைப்பதில்லை. அவளும் அதைக் கவனித்திருக்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பெரியவள் உங்களைத் தேடுகிறாள்.

உங்கள் தங்கை
சுப்புலட்சுமி